முடியல என்ற பிறகும் தாங்கிய விரல்கள்

என் அக்காள் கணவர் பாறையிலிருந்து விழுந்ததற்கு நான்தான் காரணம். கயிறு என் கையில் இருந்தது. அவர் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. நான் இழுக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள்... தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்!

அப்போது ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், கப்பல்கள் அணையும் துறையில், எனக்கு வேலை. ஞாயிறுகளில் நாங்கள் சிலர், கப்பலில் கழித்துப்போட்ட கயிற்றோடு கடலோரப் பாறைகளில் ஏறுவோம். ஒருவன் மேலே மரத்தில் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருப்பான். ஏறுகிறவன் மறுமுனையை இடுப்பில் கட்டியிருப்பான்.

அந்த விளையாட்டில் ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. பழகிய நாங்கள் ‘முடியவில்லை’ என்று சொல்லும்போதே விரல் விட்டுப்போகும். புதிதாக வருகிறவர்களோ பாறையை நெரித்துப் பிடித்துச் சீக்கிரமே அலறுவார்கள். மேலே இழுக்கும்போதுகூட அவர்கள் விரல்கள் பாறையை விடாது. அப்படியானால் முதலில் தளர்வது எது? விரலா, மனமா? அலறிய பிறகு எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது? ‘கீஞ்சோ’ என்று இந்தியில் கூப்பிட்டவுடன் இழுத்துவிடுவது எங்கள் வழக்கம் என்பதால் அது யாருக்கும் தெரியவில்லை.

பாறை ஏறியே பழகாத மச்சானை நான்தான் அழைத்துப் போனேன். ஜெட்டியில் கயிறு பின்னுகிற வேலை அவருக்கு, விரல்தான் பிழைப்பு. பாதிப் பாறையில் நின்றுவிட்டார்.

“மாப்ளே, முடியல... கீஞ்சோ, கயித்த இழு.”

விளிம்பில் குப்புறப் படுத்து அவர் விரல்களையே பார்த்தேன். நுனிகள் வெளுத்திருந்தன. முழங்கை நடுங்கியது. விரல்கள் விடவில்லை. எனக்கு எத்தனை மகிழ்ச்சி தெரியுமா! இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றிருந்தேன்.

“மாப்ளே, காது கேக்கலியா?” என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

பிறகு விழுந்தார். தளர்ந்து கிடந்த கயிறு இறுகுவதற்குள் வலது கையின் இரண்டு விரல்கள் பாறை இடுக்கில் சிக்கின. அதன்பின் அவை மடங்கவே இல்லை. ஜெட்டி வேலை போயிற்று. சௌல்தாரி கிராமத்தில் அக்காள் பாக்குத் தோட்டத்தில் கூலிக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினாள்.

காற்றில் கேட்கவில்லை என்று சொன்னேன். நம்பினார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இன்றும், “மாப்ள கயித்த விடாம புடிச்சான், அதான் உசுரோட இருக்கேன்” என்கிறார். அக்காள் எனக்குப் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைக்கிறாள். நானும் சாப்பிடுகிறேன்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மடங்காத விரல்களோடு அவர் சோறு பிசைவதைப் பார்த்தால் எனக்குத் துக்கம் வருகிறது. ஆனால் அதற்கும் முன்னால்... இரண்டாவது முறை கூப்பிடாமல் மூச்சை அடக்கியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருப்பாரோ என்ற கேள்வி வந்துவிடுகிறது.