பாபு என்ற பெயரில் ஒரு ஹாலிடே ஃபிளாட்

ஷார்ஜாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் எந்த மாடியில் நின்றாலும், கதவு திறந்ததும் அது யார் மாடி என்று மூக்கே சொல்லிவிடும். இரண்டாவது மாடி பாகிஸ்தான், நான்காவது மலையாளிகள், ஐந்தாவது பிலிப்பைன்ஸ், ஆறாவதில் நாங்கள். யாரும் சட்டம் போட்டுப் பிரிக்கவில்லை. காலி அறைக்கு நோட்டீஸ் ஒட்டும்போதே இன்ன ஊர்க்காரர் மட்டும், இன்ன மதத்தவர் மட்டும் என்று கூச்சமே இல்லாமல் எழுதுவார்கள். வந்த புதிதில் எனக்கு இது வினோதமாக இருந்தது. சீ, என்ன ஜனங்கள் என்று சொந்த ஊரான மரக்காணத்துக்கு போன் போட்டுச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அந்த ‘சீ’ என்றைக்கு என் வாயிலிருந்து போனது என்று தெரியவில்லை.

இந்த முறை லீவுக்கு வரும்போது ஒரு காரியம் இருந்தது. மகள் அஃப்ரின் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். வளைகுடாவில் எத்தனை வருஷம் ஏசி ரிப்பேர் செய்தாலும் விசா முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் அதே கதிதான். அவளும் என் மனைவி ஷமீமும் புதுச்சேரியில் குடியேற வேண்டும், அவள் அங்கே கல்லூரியில் சேர வேண்டும் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். அவளுக்கோ இந்தியா என்றால் மரக்காணத்தில் என் அண்ணன் வீடு, கொசு, கேள்வி கேட்கும் சொந்தக்காரர்கள், அவ்வளவுதான். “ரெண்டு வாரம் புதுச்சேரியில இருந்து பாக்கறேன் அத்தா. புடிச்சா சரின்னு சொல்றேன்” என்றாள். போனில் வரைபடத்தைத் திறந்து தெரு தெருவாகக் குறித்தும் வைத்தாள். சாயங்காலம் ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும், கடை திறந்திருக்க வேண்டும், பெண்கள் தனியாக நடக்க வேண்டும், கடல் பக்கத்தில் இருக்க வேண்டும். கெட்டும் பட்டணம் சேர் என்று சும்மாவா சொன்னார்கள் என்று நானும் உற்சாகமாகிவிட்டேன். கிளம்பும்போது எங்கள் கட்டடத்துப் பட்டாணிய வாட்ச்மேனிடம் சொன்னால் அவருக்கு விளங்கவேயில்லை. “அப்னா முல்க் மே கிராயா?” என்று கேட்டார். சொந்த நாட்டில் எதற்கு வாடகை வீடு என்கிறார். சொந்த வீடு இல்லை என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தோளில் தட்டிக் கொடுத்தார். நானும் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

மரக்காணம் வந்து சேர்ந்த மறுநாள் காலை, அண்ணன் வீட்டுப் பிள்ளைகளின் சத்தத்துக்குப் பயந்து உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டு போன் பண்ண ஆரம்பித்தேன். பாத்திகளில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். முதல் ஃபிளாட்டுக்காரர் நன்றாகத்தான் பேசினார். எத்தனை பேர், கார் இருக்கிறதா, ஏசி வேண்டுமா எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாகப் பெயரைக் கேட்டார். முகம்மது இலியாஸ் என்றேன். “அடடா, இப்பதான் சார் புக் ஆயிடுச்சு” என்றார். இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். மூன்றாவது ஆள் கொஞ்சம் கருணை உள்ளவர். “கோட்டக்குப்பம் பக்கம் பாருங்க பாய், அங்க உங்காளுங்க நெறைய இருக்காங்க” என்று வழி வேறு காட்டினார். போனை வைத்துவிட்டு புக்கிங் ஆப்பில் பார்த்தால் மூன்று ஃபிளாட்டும் அதே தேதிக்குக் காலி என்றே காட்டிக்கொண்டிருந்தன.

அதைப் பார்த்த பிறகு நான் செய்த காரியம் இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு அரபிப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று வைப்பது வழக்கம். பாபு, ராஜா, சாந்து என்று ஏதாவது இருக்கும். ஊரில் எனக்கு பாபு. நான்காவது நம்பருக்குப் போட்டேன். ஒரு அம்மா எடுத்தார். பெயர் கேட்டதும் பாபு என்றேன். அந்தக் குரல் தேனாக ஓடியது.

“வாங்க பாபு சார். ரொம்ப சேஃபான ஏரியாங்க. கீழ பேக்கரி, எதிர்ல பார்க்கு, ஜேஜேன்னு இருக்கும். எல்லாம் நம்மாளுங்க. பாய்ங்களுக்கெல்லாம் நாங்க குடுக்கறதே இல்ல. பொண்ணு பயப்படாம போவலாம் வரலாம்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ரொம்ப சந்தோஷங்க” என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது, அந்த அம்மாவின் மேல் அல்ல.

எங்களைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனது சேகர். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர்கள், இவன் சொந்தமாக வேன் வைத்திருக்கிறான். பொம்மையார்பாளையம் வரும்வரை சும்மா இருந்துவிட்டு, பிறகு பின்சீட்டுப் பக்கம் திரும்பிச் சொன்னேன். “அந்தம்மா கேட்டா என் பேரு பாபுன்னே சொல்லுங்க. ஷமீம், இறங்கும்போது மட்டும் புர்காவ கழட்டிட்டு துப்பட்டா போட்டுக்க.” ஷமீம் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எதுக்கு அத்தா?” என்றாள் அஃப்ரின்.

“சேஃபான ஏரியாம்மா. அதுக்குத்தான்.”

“யாருக்கு சேஃப்?”

சேகர் சிரித்துவிட்டான். “விடு பாப்பா. என் பேர்ல புக் பண்ணியிருந்தாலும் எந்தத் தெருன்னு கேட்டிருப்பாங்க. எங்க தெருப் பேர சொன்னா அதுவும் புக் ஆயிருக்கும்.” பிறகு சாலையைப் பார்த்தபடியே, கோபம் எதுவும் இல்லாமல் சொன்னான்: “ஏம்பா பாபு, என் தம்பி முருகன் வேலை தேடி ஷார்ஜா வந்தானே, உன்கிட்ட ஒரு பெட் கேட்டான். நேத்துதான் ஆள் வந்துட்டாங்கன்னு நீயும் இப்டித்தான் சொன்ன.”

எங்கள் ஃபிளாட்டில் ஒரு அறையை இரண்டு கட்டில் போட்டு வாடகைக்கு விடுவது வழக்கம். “அந்த பெட் அப்ப காலியாத்தானே இருந்துச்சு? நான் என் புக்ஸெல்லாம் அதுலதானே பரப்பி வெச்சிருந்தேன்” என்றாள் அஃப்ரின்.

வீட்டில் வயசுப் பெண் இருக்கிறாள், அந்நிய ஆளை எப்படி வைப்பது என்று அன்றைக்கு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து அதே கட்டிலில் கோட்டக்குப்பத்து இளைஞன் ஒருவனை வைத்தேன். அவனுக்கும் முருகனுக்கும் ஒரே வயசு. முருகன் ஒரு வாரம் லேபர் கேம்பில் யாரோ ஒருவரின் கால்மாட்டில் படுத்துக் கிடந்தானாம். சேகருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒவ்வொரு லீவுக்கும் அவன்தான் என்னை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வந்திருக்கிறான். ஊருக்கு உபதேசம் பண்ணிக்கொண்டிருந்த என் மூஞ்சியை நானே பார்க்க வேண்டாம் என்று கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

தெரு அழகான தெருதான். பேக்கரி இருந்தது, பார்க்கில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஷமீம் புர்காவைக் கழற்றவில்லை. கேட்டைத் திறந்த அந்த அம்மாவின் கண் நேரே ஷமீமிடம் போய், அங்கேயே நின்றது. “பாபு சார் யாரு?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அஃப்ரின் முன்னால் போனாள்.

“எங்க அத்தா பேரு முகம்மது இலியாஸ். நாங்கதான் புக் பண்ணோம் ஆன்ட்டி.”

“அய்யோ, மோட்டார் ரிப்பேராச்சேம்மா. போன் பண்ணி சொல்லலாம்னு இருந்தேன்” என்றார் அந்த அம்மா. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மாடித் தொட்டி நிரம்பிச் சுவரில் தண்ணீர் வழிந்தது. அந்தக் காட்சியை நாங்கள் நால்வரும் பார்த்தோம், அவரும் பார்த்தார். அவர் முகத்தில் வெட்கமே இல்லை. சேகர் வேனைத் திருப்பினான்.

பிள்ளை இனி இந்த மண்ணை மிதிக்க மாட்டாள், என் திட்டம் தொலைந்தது என்றுதான் நினைத்தேன். வழியில் டீக்கு நிறுத்தியபோது அவளே ஆரம்பித்தாள். “நான் இங்கயே படிக்கிறேன் அத்தா. ஹாஸ்டல்ல இருந்துக்கறேன். என் முழுப் பேர சொல்லிக் கேட்டுப் பாக்கறேன், குடுக்கறவங்க குடுக்கட்டும். அம்மா உங்ககூடவே வரட்டும்.” நான் கேட்டது கிடைத்துவிட்டது. நான் பார்த்துக் கொடுக்கும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் அவள் இதைச் சொல்கிறாள் என்பது டீ ஆறும்வரை எனக்கு உறைக்கவில்லை.

போன மாதம் நான் மட்டும் லீவில் வந்து அவளைப் பார்க்கப் போனேன். ஹாஸ்டல் வாசலில் பார்வையாளர் நோட்டு இருந்தது. பெயர் என்ற இடத்தில் முகம்மது இலியாஸ் என்று முழுதாக எழுதினேன். உறவு என்ற இடத்தில் தந்தை. ஊர் என்ற இடத்தில் மரக்காணம் என்று ஆரம்பித்து, அங்கே எனக்கென்று ஒரு அறைகூட இல்லையே என்று அடித்தேன். ஷார்ஜா என்று எழுதப் போய், அது விசா இருக்கும்வரைதான் என்று அதையும் விட்டுவிட்டேன். “சும்மா உட்டுடுங்க பாய், யாரும் பாக்க மாட்டாங்க” என்றார் வாட்ச்மேன்.

அஃப்ரின் படியிறங்கி வந்தாள். எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறேன், சற்று இளைத்திருந்தாள். நான் எழுந்து கையை நீட்டினேன். அவள் மேசைக்குப் போய், முதலில் அந்த நோட்டைத் தன் பக்கம் திருப்பி என் பெயரைப் படித்தாள். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.