இடது பக்கக் கிதார்

மோகனராஜுக்குத் தன் காதைப் பற்றி ரொம்பப் பெருமை. ஐம்பத்தாறு வயது, பாதித் தலை வழுக்கை, முட்டி வலி, சர்க்கரை வேறு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் காது மட்டும் இருபது வயதில் இருந்த மாதிரியே இருக்கிறது என்று யாரும் கேட்காமலே சொல்லுவார். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் முப்பது வருஷமாக வேலை. முதல் பத்து வருஷம் தகடு வெட்டும் மிஷினில், அதற்கப்புறம் டெஸ்டிங் பிரிவில். சர்க்யூட் போர்டுகளை மிஷினில் மாட்டி, இது பாஸ், இது ஃபெயில் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். இந்த வேலை ஆளை என்ன பண்ணும் தெரியுமா? வீட்டில் ரசத்தைக்கூட பாஸ், ஃபெயில் என்றுதான் பார்க்க வைக்கும். அந்தத் தீர்ப்புகளை வருஷக்கணக்காக வாங்கிக்கொண்டவள், கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமான அவர் மனைவி குமுதா.

அந்தக் குமுதா இப்போது வீட்டில் இல்லை. பதினான்கு மாதமாக, ரயிலேறிப் போகிற தூரத்தில் உள்ள ஷா ஆலமில், மகள் ரூபினி வீட்டில் இருக்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனாள் என்பது அக்கம்பக்கத்துக்குச் சொன்ன காரணம். மூன்று மாதம் என்று போனவள் திரும்பவில்லை, இவரும் வா என்று கூப்பிடவில்லை. கூப்பிடாததற்கு இவரிடம் ஒரு நியாயம் இருந்தது. அவளைப் பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் விடுவதற்காகக் காரில் கூட்டிக்கொண்டு போன அன்று, பினாங்குப் பாலம் முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பியே உட்கார்ந்திருந்தாள். நிலையத்தில் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனவள் அவள்தானே, முதலில் அவளே பேசட்டும் என்று இவர் இருந்தார். வீம்பு என்றால் சாதாரண வீம்பு இல்லை.

வீம்பு வெளியே காட்டத்தான். ஃபேக்டரிக்குப் பக்கத்து ரெலாவில் எட்டாவது மாடி வீட்டில், வேலை முடிந்து நாலு மணிக்குக் கதவைத் திறந்தால் காலையில் குடித்து வைத்த கோப்பி மக் அதே இடத்தில் இருக்கும். அதைக் கழுவிவிட்டு, பழக்கத்தில் இரண்டு மக்கை எடுத்து, ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரூபினி வீடியோ காலில் வருவாள். பேரனைக் காட்டுவாள். சில நேரம் ஓரத்திலிருந்து வளையல் போட்ட ஒரு கை வந்து பேரன் வாயைத் துடைத்துவிட்டுப் போகும். அந்தக் கைக்காகவே மனிதர் ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருந்தார். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மிச்சம் இருந்தது பாட்டு ஒன்றுதான். அதுவும் பஜனையோ பழைய சினிமாப் பாட்டோ இல்லை, ராக். இளவயதில் தலைமுடி தோள் வரைக்கும் தொங்க, ஊர் ஊராக மலாய் ராக் கச்சேரிக்குப் போனவர். கல்யாணமான புதிதில் குமுதாவையும் ஒரு கச்சேரிக்கு இழுத்துப் போனார். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நடு நடுவே கையை எடுத்துக் கடலை தின்றாள். ஆனாலும் கடைசி வரைக்கும் எழுந்து வரவில்லை.

குமுதா போன பிறகு பாட்டின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. வீட்டின் அமைதியை அடிப்பதற்குத்தான் கூட்டி வைக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒரு நாள் மேல்வீட்டு சலேஹா தட்டில் பலகாரத்தோடு வந்து நின்றார். நல்ல மனுஷி. பலகாரத்தைக் கொடுத்துவிட்டு, பேத்தி தூங்க மாட்டேன் என்கிறாள், கொஞ்சம் குறைத்து வைக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். மோகனராஜுக்கு வெட்கமாகப் போய்விட்டது. குமுதா இருந்தவரை அக்கம்பக்கம் எல்லாம் அவள் பாடு. யார் வீட்டுக் குழந்தை எப்போது தூங்கும் என்று இவருக்கு என்ன தெரியும்? அன்றைக்கே ஹெட்போன் வாங்குவது என்று முடிவெடுத்தார்.

சூலியா தெருவில் ஒரு பணமாற்றுக் கடைக்கு மேல்மாடியில் ராம்நாத் ஆடியோ சாமான் விற்கிறான். முப்பது வயசுச் செட்டியார் வீட்டுப் பையன். அப்பாவுக்குப் பிடிக்காத தொழில், ஆனால் நன்றாகவே செய்கிறான். அவன் கடையின் பழைய ஆம்ப்ளிஃபயரை மோகனராஜ் ஒரு தடவை சும்மா சரிபண்ணிக் கொடுத்ததை அவன் மறக்கவில்லை. இரண்டு ஜோடி ஹெட்போன்களை எடுத்து வைத்தான். ஒன்று ஜெர்மன்காரன் செய்தது, காதை முழுசாக மூடிவிடும். மற்றது ஜப்பான்காரன் செய்தது, வெளிப்பக்கம் வெறும் வலை, உள்ளே பாடுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். எதுவானாலும் மூவாயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் கேட்டுவிட்டு, சனிக்கிழமை எது வேண்டும் என்று சொல்லுங்கள் என்று கொடுத்தனுப்பினான்.

பாருங்கள், அந்த வாரம் மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. நாலு மணிக்கு வருவார், முகம் கழுவுவார், மேசையில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஃபேக்டரி ரிப்போர்ட் மாதிரியே கோடு போட்டு, தேதி போட்டு எழுதினார். மூடின ஹெட்போனில் டிரம் அடித்தால் நெஞ்சில் இடிக்கிறது, பாடுகிறவன் மூக்குக்கு முன்னால் நின்று கத்துகிறான், பேஸ் கிதார் தரையை ஆட்டுகிறது. வலை போட்டதில் இடி குறைவு, ஆனால் பாடுகிற மண்டபமே கண்ணுக்குத் தெரிகிறது. தாளத்தட்டின் ஓசை மெல்ல மெல்லத் தேய்ந்து காற்றில் கரைவது வரைக்கும் கேட்கிறது. ராக் கேட்க முதலாவதுதான் சரி என்று திங்களன்று எழுதினார். செவ்வாயன்று அதை அடித்துவிட்டு, இரண்டாவதுதான் என்று எழுதினார்.

புதன்கிழமைதான் தன் பழைய பாட்டை எடுத்தார். கேசட் காலத்து மலாய் ராக், அவருக்கு வரி வரியாகத் தெரியும். அதில் இரண்டு கிதார். ஒருவன் இடது பக்கம், ஒருவன் வலது பக்கம். இவன் ஒன்று கேட்க, அவன் பதில் சொல்ல, பாட்டு முழுக்க இரண்டும் வம்பு பண்ணிக்கொண்டே போகும். மூடின ஹெட்போனை மாட்டிக் கேட்டால் வலது பக்கக் கிதார் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. இடது பக்கத்தில் அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி ஏதோ முனகல். உடனே எழுதினார்: இடது பக்கம் மந்தம், ஃபெயில். மற்றதை மாட்டினார். அதிலும் அதே கதை. இடது சத்தம் வலை வழியாகக் கசிகிறது என்று எழுதினார். இதையெல்லாம் முப்பது வருஷ அனுபவசாலி எழுதுகிறார் என்பதை மறந்துவிடாதீர்கள். அடுத்து வயர் மேல் சந்தேகம் வந்து வேறு வயர் போட்டார். வெள்ளிக்கிழமை ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்த்தார். பாட்டைப் பதிவு செய்தவனைத் திட்டினார். தன்னைத் தவிர எல்லாரையும் கூண்டில் ஏற்றிவிட்டார்.

ஃபேக்டரியில் புதுசாக வரும் பிள்ளைகளுக்கு அவர் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு. போர்டு ஃபெயில் ஆனால் உடனே போர்டைக் குறை சொல்லாதே, இடம் மாற்றிப் போட்டுப் பார். கோளாறு போர்டோடு கூடவே நகர்ந்தால் போர்டு கெட்டது, நகராமல் அங்கேயே நின்றால் மிஷின் கெட்டது. இதை அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். வீட்டில் ஒரு தடவைகூடச் செய்யத் தோன்றவில்லை. எல் என்று எழுதியிருந்தால் இடது காது, ஆர் என்று எழுதியிருந்தால் வலது காது. எழுதிப் போட்டதை மீறுகிற ஆள் இல்லை அவர். இல்லை என்று மறுத்துப் பேசவும் வீட்டில் ஆள் இல்லை. குமுதா இருந்திருந்தால் அவள் தலையில் மாட்டி, உனக்கு எப்படிக் கேட்கிறது என்று கேட்டிருக்கலாமே என்று ஒரு நிமிஷம் நினைத்தார். அந்த நினைப்பு பிடிக்காமல் நோட்டை மூடினார்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பெட்டிகளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ராம்நாத் கடைக்குப் போனார். ரிப்போர்ட்டை வாசித்துக் காட்டி, இரண்டுமே ஃபெயில் என்றார். ராம்நாத் ஒவ்வொன்றாக மாட்டி, கண்ணை மூடி, அதே பாட்டைக் கேட்டான்.

"ரெண்டும் ஓகே லா அண்ணே. லெஃப்ட் கிதார் நல்லாத்தான் கேக்குது."

மோகனராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேற்று முளைத்த பையன் தனக்குச் சொல்லித் தருகிறானா? இப்போது நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று ஹெட்போனை வாங்கினார். யாராவது எதிர்த்துப் பேசினால்தான் அவருக்கு ஃபேக்டரிப் புத்தி வேலை செய்யும். இடம் மாற்றினார். எல் என்று போட்டதை வலது காதில் வைத்தார், ஆர் என்று போட்டதை இடதில். இப்போது அந்த முனகல் வலது பக்கம் வரவேண்டும். பாட்டை ஓடவிட்டார்.

வலது காதில் அந்தக் கிதார் எரிமலையாக வெடித்தது. நான்கு நாளாகத் திட்டு வாங்கிய அதே இடது பக்கக் கிதார், ஒரு நரம்பு பாக்கியில்லாமல் கேட்டது. இடது காதில் இப்போது மற்ற கிதார் முனகிக்கொண்டிருந்தது. கோளாறு நகரவில்லை, இடது காதிலேயே நின்றது. அவர் இன்னொரு ஹெட்போனையும் மாற்றிப் போட்டுப் பார்த்தார். அதிலும் நகரவில்லை. ராம்நாத் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினான்.

"ரெண்டும் பாஸ், தம்பி," என்றார் மோகனராஜ். "மிஷின்லதான் கோளாறு."

எதையும் வாங்காமல் கீழே இறங்கி வந்து காரில் உட்கார்ந்தார். தகடு வெட்டும் மிஷின் பத்து வருஷம் அவருக்கு இடது பக்கம்தான் நின்றது. காதில் அடைக்கக் கொடுத்த ரப்பரை, ராக் கேட்கிற காதுக்கு இது ஒரு சத்தமா என்று சட்டைப் பையிலேயே வைத்திருந்தவர் அவர்தான். கூப்பிட்டால்கூட மோகன் அண்ணே திரும்ப மாட்டார், அவ்வளவு கெத்து என்று ஃபேக்டரிப் பிள்ளைகள் பேசிக்கொள்வது அவருக்குத் தெரியும். அதிலும் அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான். இப்போது வலது காதை விரலால் அடைத்துப் பார்த்தார். மோட்டார் சைக்கிள்கள், சாப்பாட்டுக் கடைக்காரரின் கூச்சல், லாரி ஹாரன் எல்லாமாக இருந்த சூலியா தெரு அப்படியே அடங்கிப்போனது.

விரலை எடுக்காமலே இடது பக்கம் திரும்பினார். பக்கத்து சீட் காலியாக இருந்தது. இந்த ஊரில் கார் ஓட்டுகிறவனுக்கு வலது சீட், கூட வருகிறவளுக்கு இடது சீட். குமுதா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த சீட் அது. அப்புறம் அவள் பேச்சு குறைந்தது. பிறகு அவள் போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். வயசானால் பேச்சு குறையும் என்று இவர் நினைத்திருந்தார். கடைசியில் பாலத்தில் அவள் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அவள் நம்பரை அழுத்தினார். போனை வலது காதில் வைத்துக்கொண்டார். எப்போதும் அந்தக் காதில்தான் வைத்திருக்கிறோம் என்பதே அப்போதுதான் உறைத்தது.

உடம்புக்கு ஏதாவதா என்றுதான் அவள் முதலில் கேட்டாள். இல்லை என்றார். அப்புறம், சுற்றி வளைக்கத் தெரியாமல், நேராகவே கேட்டார்.

"அன்னைக்கு ஸ்டேஷனுக்குப் போறப்ப, பாலத்துல நீ ஏதாச்சும் சொன்னியா, குமுதா?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று வந்து அடங்கியது.

"சொல்லல. கேட்டேன். போகவா, இருந்துறவான்னு கேட்டேன். மூணு தரம் கேட்டேன். நீங்க ரோட்டையே பாத்து ஓட்டிக்கிட்டு இருந்தீங்க. சரி, போகத்தான் சொல்றாருன்னு நெனச்சிக்கிட்டேன்."

மோகனராஜ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சலேஹா கொண்டுவந்த பலகாரம், ஜெர்மன்காரன், ஜப்பான்காரன், கேட்காமல் போன கிதார், மாற்றிப் போட்டது, இடது காது. எப்போதிருந்து என்று தெரியாது, பல வருஷமாக இருக்கும் என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் அவளிடம் இவ்வளவு நேரம் மூச்சுவிடாமல் பேசியதில்லை. அவள் நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். அவருக்கு அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை.

"காதுல விழுந்திருந்தா இருன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார்.

குமுதா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, டாக்டரிடம் போய்க் காட்டுங்கள், தனியாகப் போக வேண்டாம், சலேஹாவின் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். குரலில் கோபம் இல்லை. வைத்துவிடப் போகிறாள் என்று அவர் நினைத்தபோது மறுபடியும் பேசினாள்.

"நான் கேக்காமலே நீங்களா இருன்னு சொல்லியிருக்கலாம்லங்க."

நல்ல காதில்தான் போன் இருந்தது. ஒரு சொல் விடாமல் கேட்டது. மோகனராஜ் அன்றைக்குப் பாலத்தில் போலவே, முன்னாலிருந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.