துவாயில் இருந்த உள்ளி மணம்

என் மகளின் உடம்பில் நஞ்சு ஏறியது அவளுடைய அப்பாவின் தோளிலிருந்தா, என் கையிலிருந்தா? இரண்டு வருடமாக யோசிக்கிறேன். விடை தெரியவில்லை.

கோப்பாயில் எங்களுக்கு ஒரு மிளகாய்த் தோட்டம் இருக்கிறது. அந்த முறை கன்றுகளின் இலை சுருண்டு போனதால் கணவர் பூச்சிமருந்து ஒரு போத்தல் வாங்கிவந்தார். மண்டையோடு போட்ட லேபிளில் எல்லாம் ஆங்கிலம். பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து வாசித்துச் சொன்னேன்.

"கையுறை போடட்டாம். உடுப்பை உடனை மாத்தட்டாம். தோலுக்குள்ளாலையும் உடம்புக்குப் போகுமாம்."

"இந்த வெய்யிலுக்கை கையுறையோ? நீர் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ளை புழு தோட்டத்தைத் திண்டு முடிச்சிடும்," என்று சிரித்தார். மூக்கை ஒரு துவாயால் கட்டிக்கொண்டு போனார்.

நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அன்று பின்னேரம் அந்தத் துவாயைச் சவர்க்காரம் போட்டு ஒருதரம் தோய்த்துக் கொடியில் போட்டேன்.

மறுநாளும் மருந்து அடித்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டரை வயது மகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள்.

"முதல்லை குளியுங்கோ," என்றேன்.

"பிள்ளை கையை நீட்டுது, என்ன செய்யிறது?" என்று தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

கொஞ்சம் பொறுத்து அவளைக் கிணற்றடியில் குளிக்கவார்த்தேன். கொடியில் கிடந்த துவாயால் தலையையும் உடம்பையும் துடைத்தேன். நீலக்கோடு போட்ட துவாய் இரண்டு அங்கே கிடந்தன; முந்தினநாள் அவர் மூக்கைக் கட்டினது அதில் ஒன்று. எதை எடுத்தேன் என்று பார்க்கவில்லை. லேசாக உள்ளி மணத்தது. அதற்குச் சற்று முன்தான் ரசத்துக்கு உள்ளிப்பூண்டு தட்டியிருந்தேன். என் கைதான் மணக்கிறது என்று நினைத்தேன்.

நித்திரையில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. வாயால் வீணி வடிந்தது. காய்ச்சல் இல்லை. பல்லு முளைக்கிறதாக்கும் என்று சிறிது நேரத்தை வீணாக்கினேன். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டொக்டர் அவளுடைய கண்ணிமையைத் திறந்தார். கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது.

"தோட்டத்துக்கு மருந்து அடிச்சனீங்களோ?"

நான் வாய் திறக்க முன்னம் கணவர், "என்ரை சேட்டாலைதான் ஐயா. நான்தான் தூக்கினனான்," என்றார்.

ஊசி போட்டார்கள். மகள் தெளிந்துவந்த பிறகு டொக்டர் என்னிடம் சொன்னார்: "தோலிலை பட்டு எரிஞ்சிருந்தால் நீங்களே கழுவியிருப்பீங்கள், தங்கச்சி. உது எரியாது. சில நேரம் உள்ளி மாதிரி மணக்கும், அவ்வளவுதான்."

அப்போதும் துவாயைப் பற்றி நான் சொல்லவில்லை.

மகள் பிழைத்துவிட்டாள். அவளுடைய அப்பா இப்போது இரண்டுதரம் சவர்க்காரம் போட்டுக் குளிக்கிறார். ஆனாலும் அவள் ஓடிவந்தால் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போகிறார். "அப்பாட்டை வராதை, குஞ்சு." மருந்து அடிக்காத நாட்களிலும் இதுதான். முதலில் அழுதாள். இப்போது அவரிடம் ஓடுவதையே விட்டுவிட்டாள்.

வாசகர்களில் இந்த மருந்துகளைப் பற்றிப் படித்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். ஒருதரம் தோய்த்த துணியில் அது தங்கி நிற்குமா? நிற்கும் என்றால், இவ்வளவு காலம் பேசாமல் இருந்த நான் அதை அவரிடம் எப்படிச் சொல்லத் தொடங்குவது?