மவுசுக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் அரிவாள் குளிக்கும், மண்வெட்டி குளிக்கும், வண்டி இரண்டு தடவை குளிக்கும். தேய்த்துக் கழுவித் துடைத்த பிறகுதான் சந்தனமும் குங்குமமும். நான் அன்னவாசலில் வீட்டிலிருந்தபடியே பேனர் வடிவமைக்கிறேன். என் ஆயுதம் கம்ப்யூட்டர். என் கை வேர்வையும் வந்தவர் போனவர் கை அழுக்கும் வருஷம் முழுக்க அப்பிக் கிடக்கும் மவுசுக்கு மட்டும் குளிப்பு கிடையாது. நேரே பொட்டுதான். வைப்பவர் என் வீட்டுக்காரர்.

பூஜைக்கு மறுநாள் விடிந்ததும், எனக்குத் தம்பி முறையாகிற பக்கத்துத் தெருக்காரர் வந்து நின்றார். அவர் அம்மா தவறிவிட்டார்.

"எடுக்குறதுக்குள்ள தெருமுனையில பேனர் கட்டணும்க்கா."

அவரிடம் இருந்தது ஒரே படம். காதுகுத்து வீட்டில் கூட்டத்துக்கு நடுவே அம்மா. அவரை மட்டும் தனியாக வெட்டி எடுக்க வேண்டும்.

"அந்தத் தோடு தெரியணும்க்கா. அத ஒரு நாளும் அம்மா கழட்டுனதில்ல."

உட்கார்ந்தேன். கழுத்தோரம் வரை வந்த அம்புக்குறி துள்ளிப் போய்ப் பக்கத்து ஆளின் மீசையில் நின்றது. திரும்ப இழுத்தேன், அம்மாவின் காது தோட்டோடு போயிற்று. பின்னால் நின்ற தம்பி மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது.

"மவுசு துள்ளுதுங்க," என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் வீட்டுக்காரர், டீயை உறிஞ்சிக்கொண்டே, சாவு வீட்டுப் பிள்ளையின் முன்னால்.

பழமொழி எனக்கும் பிடிக்கும்தான். எந்த நேரத்தில் சொல்வது என்று ஒரு முறை இருக்கிறதே. ஒயரைப் பிடுங்கி மவுசைக் கவிழ்த்தேன். அடியில் வெளிச்சம் வரும் ஓட்டையைப் பாதி அடைத்துக் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"இங்கிட்டு எதுக்குங்க வச்சீங்க?"

"கண்ணு மாதிரி இருந்துச்சு. அதுக்கும் ஒரு பொட்டு இருக்கட்டுமேன்னு வச்சேன்."

"கண்ணுல சந்தனத்த அப்புனா எப்புடித் தெரியும்? அருவாளக் கழுவுனீங்கல்ல, இத ஒரு துணியால தொடைக்கத் தோணலையா?"

"கரண்டு சாமான எப்புடிக் கழுவுறது?"

கழுவத் தெரியாதாம், பூசத் தெரியுமாம். குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்டவனாவது குளிக்கப் போனான்.

குச்சியில் பஞ்சு சுற்றி, சானிடைசரில் லேசாக நனைத்து ஓட்டையைத் துடைத்தேன். பல்குத்தும் குச்சியால் சக்கரத்தின் இடுக்கைச் சுரண்டினேன். முடியும் தூசியும் கயிறாகத் திரண்டு வந்தன. சுரண்டச் சுரண்ட அழுக்கு குறைந்தது, எனக்குக் கோபம் ஏறியது. இந்த வீட்டில் மண்வெட்டி மண்ணைத் தொட்டு நாளாகிறது. தினமும் உழைப்பது இதுதான்.

உலர்ந்ததும் மாட்டினேன். அம்புக்குறி நிறுத்திய இடத்தில் நின்றது. கழுத்தோரம், காதோரம், தோட்டின் வளைவு வரை மெல்லச் சுற்றி வந்தேன். தம்பி குனிந்து பார்த்தார்.

"அம்மாதான்க்கா," என்றார்.

விராலிமலைப் பேனர் கடைக்குப் படத்தை அனுப்பியதும் அவரும் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கிட்டு விரைந்தார்.

திரும்பினால் வீட்டுக்காரர் குங்குமச் சிமிழோடு நிற்கிறார். வைத்த பொட்டு அழிந்துவிட்டதாம், நல்லதில்லையாம்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க," என்றேன்.