பதினோரு லிங்க்கும் ஒரு வாஷரும்

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்பின் தெரியாத ஓர் இணையதளக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பியது. அப்பா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். மகள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், "நீயே அடிச்சுக்கோ" என்று எழுந்து போய்விடுவார்.

'உங்கள் பக்கத்தில் ஐந்தாவது லிங்க் வேலை செய்யவில்லை. அதே விஷயம் என் பக்கத்தில் இருக்கிறது. பிடித்திருந்தால் அந்த லிங்க்கைப் போடுங்கள்.'

"ஒரு வணக்கம்கூட இல்லையேப்பா?"

"தண்ணி ஒழுகுதுன்னு சொல்லப் போறவன் மேடைப் பேச்சா பேசுவான்?"

முப்பத்தாறு வருடம் பிளம்பராக இருந்தவர். ஒருமுறை ஒரு வீட்டுக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர். தண்ணீரை நிறுத்தும் மெயின் வால்வு பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலேயே இருந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த எரிச்சலில், ஓய்வுபெற்ற பிறகு ஓர் இணையதளம் தொடங்கினார். ஒரே பக்கம்தான்: குழாய் உடைந்தால் வால்வை எங்கே தேடுவது, எந்தப் பக்கம் திருப்புவது. வீட்டில் தண்ணீர் பீறிடும்போது இணையத்தில் தேடுகிறவன் மூன்றாம் பக்கம்வரை போகமாட்டான். தேடலின் முதல் பக்கத்திலேயே அது வந்தாக வேண்டும். அவருக்கு அது ஒன்றே குறி.

மகளுக்கு மென்பொருள் வேலை. "மத்த தளங்கள்ல இருந்து உங்க பக்கத்துக்கு லிங்க் கொடுத்தாதான் மேல வரும்" என்று அவள்தான் சொன்னாள். காசு கொடுத்து மொத்தமாக லிங்க் வாங்குவதும் உண்டு, பிடிபட்டால் தேடலிலிருந்து பக்கத்தையே தூக்கிவிடுவார்கள் என்றாள். அப்பா செருப்பை மாட்டினார்.

பழைய வாடிக்கையாளர்களில் பதினோரு பேர் இணையதளம் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார். அதில் இருந்த வரியையே பதினோரு பேரும் எழுத்து பிசகாமல் போட்டு லிங்க் கொடுத்தார்கள். பக்கம் மேலே வருவதற்குப் பதில் காணாமலே போனது.

"எல்லாரும் ஒரே வரியப் போட்டா, ஒரே ஆள் செஞ்ச திருட்டு வேலை மாதிரி தெரியும்ப்பா."

"எல்லா ஜாயின்ட்டும் ஒரே அளவுல இருந்தாதானே கசியாது?"

"இது குழாய் இல்லப்பா."

"அத முன்னாடியே சொல்றதுக்கு என்ன? வாயில அடைப்பா?"

மறுபடி பதினோரு பேரின் வாசற்படியும் ஏறினார். இம்முறை சீட்டு இல்லை; அவரவர் வாய்க்கு வந்ததை எழுதச் சொன்னார். ரொட்டிக்கடைக்காரம்மா, 'எங்கள் அடுப்படியை மூழ்காமல் காப்பாற்றியவர்' என்று எழுதினார். பல் மருத்துவர், 'என்னைவிட நிதானமான கை' என்று எழுதினார். அதை மட்டும் அப்பா மகளை மூன்று முறை வாசிக்கச் சொன்னார்.

நான்கு மாதத்தில் முதல் பக்கம், ஒன்பதாவது இடம். முகம் தெரியாத யாரோ எழுதியிருந்தார்: 'வால்வைக் கண்டுபிடித்துவிட்டோம். நன்றி.' அன்று அப்பா இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்பதாவது இடம் வழுக்குகிற இடம் என்று மகள் சொல்லியிருந்தாள். ஊர் நூலகத்தின் தளம் லிங்க் கொடுத்தால் கால் ஊன்றி நிற்கலாம். அங்கேயும் ஒரு லிங்க் அறுந்து கிடந்தது.

"நூலகத்துக்கும் மெயில் போட்டுடலாமா?" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"வேண்டாம். வியாழக்கிழமை நேர்ல போறேன். அங்க கை கழுவுற குழாய் சொட்டுது."

"லிங்க்குக்கு லஞ்சமா?"

"தரலைன்னாலும் சொட்டக் கூடாதே!"

புதன்கிழமை மதியம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

துவைக்கப் போட்ட அவர் சட்டையின் பையில், குழாய் சொட்டாமல் இருக்கப் போடும் புது வாஷர் ஒன்று இருந்தது. சுற்றியிருந்த தாளில் அவர் கையெழுத்து: 'நூலகம். மூணாவது லிங்க் எங்கேயும் போகல. சொல்லணும்.'