மலர்க்கொடியின் சந்தேகங்கள்

பாடம் முடிந்தது என்று ஜெயப்ரியா டஸ்டரைக் கையில் எடுக்கும்போதுதான் ஜன்னலோரப் பெஞ்சிலிருந்து அந்தக் கை மேலே எழும்பும். முழுதாகவும் எழும்பாது. காதுவரை வந்து, கம்மலைச் சரிசெய்வதுபோலக் கொஞ்சம் தயங்கி நிற்கும்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

ஜெயப்ரியா டஸ்டரைத் திரும்பக் கீழே வைத்துவிடுவாள். எம்.ஏ. ஆங்கிலம் முடித்த பெண். பரீட்சைத்தாளில் எதைக் கேட்டாலும் எழுதிவிடுவாள். மலர்க்கொடியின் சந்தேகங்கள் எந்தப் பரீட்சைத்தாளிலும் வந்ததில்லை. ஆங்கிலத்தில் கடலுக்கு முன்னால் ஒரு 'தி' போடுகிறார்கள், ஆற்றுக்குப் போடுகிறார்கள், காரைக்காலுக்கு மட்டும் ஏன் போடவில்லை? நேற்று என்று சொல்லியாகிவிட்டது, அப்புறம் எதற்கு வினையையும் போட்டு மாற்ற வேண்டும்? கலெக்டரையும் 'யூ', கன்றுக்குட்டியையும் 'யூ' என்றால் கலெக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

ஒருநாள், 'நாளை வருவேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டதும் கை வந்தது. "இதுல 'கடவுள் புண்ணியத்துல'ங்கிறத எங்க வைக்கிறது டீச்சர்? மொட்டையா வருவேன்னு சொல்ல பயமா இருக்கே."

பக்கத்தில் இருந்த மெஹர் பானு முந்திக்கொண்டாள். "எங்களுக்கு இன்ஷா அல்லாஹ்னு ஒரு வார்த்தை இருக்கு மலரு. எந்த பாஷையிலயும் செல்லும். வேணும்னா எடுத்துக்க, திருப்பித் தர வேணாம்."

மலர்க்கொடி சிரிக்கவில்லை. அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள் என்பது உதட்டசைவில் தெரிந்தது.

நாற்பதை நெருங்குகிறவள். ஊர் காரைக்கால்மேடு. கடல் வந்து போன பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் வீடு, அங்கேயே உள்ள பால்வாடியில் வேலை. பால்வாடியை நடத்துகிற தொண்டு நிறுவனத்தைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அவர்களிடம் நாலு வார்த்தை பேசத் தெரிந்தால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்களாம். அதனால்தான் பாரதியார் வீதியில், ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கிற இந்தச் சாயங்கால வகுப்புக்கு, தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளான ஜெயப்ரியாவிடம் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்குப் பயப்படக் காரணமே தேவையில்லை. மின்விசிறி கிறீச்சிட்டால் அண்ணாந்து பார்ப்பாள். கரண்ட் போனால் மெஹர் பானுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். செல்போனை பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளங்கையிலேயே வைத்திருப்பாள்; ஆனால் மணி அடித்தால் எடுக்க மாட்டாள், இரண்டு மூன்று முறை அடிக்கவிட்டு, மறுமுனையில் என்ன சேதியோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தினமும் காலையில் என்ன செய்கிறீர்கள் என்று ஒருமுறை எல்லாரையும் சொல்லச் சொன்னாள் ஜெயப்ரியா. பல் தேய்ப்பது, காபி குடிப்பது என்று மற்றவர்கள் ஒப்பித்தார்கள். மலர்க்கொடி எழுந்து, திக்கித் திக்கி, 'நான் என் வீட்டுக்காரர் செருப்பைத் திருப்பி வைக்கிறேன்' என்றாள். வகுப்பு சிரித்தது. அவளுடைய வீட்டுக்காரர் செல்லக்கண்ணு மீன்பிடி லாஞ்சில் தொழிலுக்குப் போகிறவர். ஒரு தடவை கிளம்பினால் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் வருவார். படகில் செருப்பு ஆகாது என்று தெருமுனையில் வண்டி ஏறும்போது கழற்றிவிட்டுவிடுவார். அதை எடுத்துவந்து, முனை வீட்டுக்குள்ளே பார்க்கும்படி வாசலில் வைப்பாளாம், இப்போதுதான் ஓர் ஆள் உள்ளே நுழைந்ததுபோல.

"எதுக்குக்கா அப்படி?"

"வர்றதுக்குத்தான் டீச்சர்," என்றாள் மலர்க்கொடி, இது ஒரு கேள்வியா என்பதுபோல.

பேருந்து போனது, பூனை போனது, கரண்ட் போனது எல்லாவற்றையும் பிழையில்லாமல் ஆங்கிலத்தில் சொல்வாள். வீட்டுக்காரர் போனார் என்பது மட்டும் அவள் வாயில் வராது. எப்படிக் கேட்டாலும் 'வந்துகொண்டிருக்கிறார்' என்பதே பதில். அவர் வீட்டில் படுத்துத் தூங்குகிற நாளிலும் அதே பதில்தான். இந்த ஓர் இடத்தில் மட்டும் இறந்தகாலம் இவளுக்கு ஏறவில்லை என்று ஜெயப்ரியா நினைத்திருந்தாள். மெஹர் பானுதான் ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, குரலைத் தணித்துச் சொன்னாள்.

"சுனாமி அன்னிக்கி காலையில இவ அக்கா மீன் ஏலத்துக்குக் கெளம்பிருக்கு டீச்சர். இவ சட்டி கழுவிக்கிட்டே, 'நீ போ, நான் பின்னாலயே வர்றேன்'னு சொல்லிருக்கா. அவ்வளவுதான். அப்புறம் அந்தப் 'போ'ங்கிற வார்த்தைய இவ வீட்டு ஆளுங்க யாருக்கும் சொல்றதில்ல."

பாவம் என்றுதான் ஜெயப்ரியாவுக்கு இருந்தது. ஆனாலும் ஒரு சொல்லுக்கு இவ்வளவு பயப்படுவதா என்றும் இருந்தது. சொல்லிச் சொல்லிப் பழகினால் பயம் விட்டுப்போகும் என்பது அவள் எண்ணம்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே காற்று ஒரு மாதிரியாக அடித்தது. மலர்க்கொடி வழக்கம்போல் வந்தாள், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். ஜெயப்ரியா பலகையில், 'உங்கள் கணவர் எங்கே போனார்' என்று ஆங்கிலத்தில் எழுதிப் போட்டாள். ஒருவர் கேட்க, அடுத்தவர் பதில் சொல்ல வேண்டும்.

மெஹர் பானுவின் முறை. பலகையைப் பார்த்தாள், மலர்க்கொடியின் முகத்தைப் பார்த்தாள். "வென் இஸ் யுவர் ஹஸ்பண்ட் கமிங்?" என்று கேட்டாள்.

"பலகையில அது இல்லக்கா."

"எனக்கு இதான் வருது டீச்சர். வயசாவுதுல்ல, கண்ணு தெரியல."

வகுப்பு சிரித்தது. ஜெயப்ரியாவுக்குப் பிடிவாதம் வந்தது. "மலரக்கா, ஒரே ஒரு தடவ சொல்லிடுங்க. வெறும் பாடந்தானே. சொன்னா என்ன ஆயிடப் போவுது?"

மலர்க்கொடி எழுந்து நின்றாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உதடு குவிந்தது, பிரிந்தது, மறுபடி குவிந்தது.

"விட்டுடுங்க டீச்சர்," என்றான் பின்பெஞ்சிலிருந்து கோவிந்தராசு. ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். எந்த லாஞ்சு வந்தது, எது வரவில்லை என்பது அவனுக்குத் தெரியும். "அவங்க லாஞ்சு நேத்தே வந்துருக்கணும். இன்னும் ஆத்துத் துறைக்குள்ள வரல."

ஜெயப்ரியா சாக்பீஸை மேசையில் வைத்தாள். "ஏங்க்கா, அப்புறம் எதுக்கு இன்னிக்கி வந்தீங்க? வீட்டுல இருந்துருக்கலாம்ல?"

"வராம இருந்துட்டா, என்னமோ ஆயிட்ட மாதிரி ஆயிடும்ல டீச்சர்."

அவள் கையிலிருந்த போன் அப்போதுதான் அடித்தது. அதைப் பார்த்தாள். பிறகு அப்படியே மெஹர் பானுவிடம் நீட்டினாள்.

மெஹர் பானு கேட்டுக்கொண்டே இருந்தாள். "ம். ம். யாரு சொன்னா?" போனை மூடினாள். "இஞ்சின் நின்னு போச்சாம் மலரு. பூவம் ஊர்க்காரங்க லாஞ்சு ஒண்ணு கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வருதாம். வயர்லெஸ்ல செல்லக்கண்ணு அண்ணனே பேசுனாராம்."

யாரோ அப்பாடா என்றார்கள். மலர்க்கொடி மெஹர் பானுவின் பக்கம் திரும்பினாள்.

"கரை ஏறியாச்சா?"

"முகத்துவாரத்துக்கு வெளிய நிக்கிதாம். அலை ஒசந்து அடிக்கிதாம். கொஞ்சம் தணியட்டும்னு பாக்குறாங்களாம்."

"அங்கதான போன வருசம்," என்று ஆரம்பித்த கோவிந்தராசு, மீதியை விழுங்கிக்கொண்டான்.

மலர்க்கொடி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கதவருகில் நின்று, "வரேன் டீச்சர்," என்றாள். எப்போதும் சொல்வதுதான். ஜெயப்ரியா வழக்கமாக, 'சரி, போங்கக்கா' என்பாள். வாயைத் திறந்தவள், "வாங்கக்கா," என்றாள்.

மலர்க்கொடி செருப்பை மாட்டிக்கொண்டு படியில் ஓடினாள். பாதிப் படியில் ஒரு வார் பிய்த்துக்கொண்டது. இரண்டையும் அங்கேயே உதறிவிட்டு வெறுங்காலோடு இறங்கினாள். மெஹர் பானு பின்னால் ஓடி ஆட்டோவைக் கைதட்டி நிறுத்துவது மேலே கேட்டது. ஆட்டோ சத்தம் கடற்கரைப் பக்கம் திரும்பித் தேய்ந்தது.

ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டது. ஜெயப்ரியா வெளியே வந்து பார்த்தாள். படியில் அந்தச் செருப்புகள் தெருவைப் பார்த்துக் கிடந்தன. ஒன்று கவிழ்ந்திருந்தது.

இறங்கிப்போய் இரண்டையும் கையில் எடுத்தாள். பிய்ந்த வாரைக் கட்டைவிரலால் அழுத்தித் துளைக்குள் ஏற்றினாள். மேலே வந்து, வகுப்பின் வாசலில், முனை உள்ளே பார்க்கும்படி ஜோடியாகச் சேர்த்து வைத்தாள்.