நாற்பத்தேழாவது பட்டியல்

நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால் வேறு வேலை இல்லையா என்று எழுந்து போகிற ஆள் நான். மலேசியாவில் சிரம்பான் பக்கம் ஒரு கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறேன். கணினி சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது, அவ்வளவுதான் என் பக்தி.

கோலா பிலா பக்கம் நாங்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அங்கிருக்கும் இடுகாட்டின் மேல் சாலை வரப்போகிறது. கோயில் கமிட்டி கொடுக்கும் பட்டியலில் இருப்பவர்களை மட்டும் தோண்டியெடுத்துப் புது இடத்தில் அடக்கம் செய்வார்கள், மற்றவர்கள் தாருக்கு அடியில்தான். பட்டியல் போட்டவர் கமிட்டிச் செயலாளர் ரெத்தினம் மாமா. யார் திருத்தம் சொன்னாலும் பழைய ஃபைலைத் தொடமாட்டார். "செத்தவங்க பேர அழிக்கக்கூடாதுலா" என்று புது எண் போட்டு இன்னொரு ஃபைலாக வைத்துவிடுவார். அவர் திடீரென்று பக்கவாதம் வந்து பேச்சில்லாமல் படுத்துவிட்டார்.

கமிட்டித் தலைவர் ஒரு மத்தியானம் பென்டிரைவோடு வீட்டுக்கே வந்தார். "நாளைக்குக் காலைல பட்டியலு கொடுக்கணும்மா. எது கடைசின்னே தெரியல. நீதான் கம்ப்யூட்டர் படிச்சவ, கொஞ்சம் பாரேன்லா" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு ஃபைலின் பெயரில் v9, ஒன்றில் 'v12 சரியானது', ஒன்றில் 'இதுதான் கடைசி v31', நடுநடுவே தேதிகள் வேறு. எனக்கு இது ஒரு வரி வேலை. v(\d+) என்று எழுதினேன். v-க்குப் பின்னால் வரும் எண்ணை மட்டும் பிடித்துக் கொடு என்று அர்த்தம். முதலில் 9 பெரியது என்று வந்தது, எண்ணை எழுத்தாக நினைத்து வரிசைப்படுத்தியிருக்கிறது. எல்லோரும் செய்கிற தப்புதான், திருத்தினேன். 47 வந்தது. திறந்தேன், அச்சடித்தேன், மூடினேன்.

சரிபார்க்க மறுபடி ஓட்டினால் 46 என்கிறது. பென்டிரைவ் முழுக்கத் துழாவினேன், 47 என்று ஒரு ஃபைலே இல்லை. ஆனால் தாள் என் கையில் இருக்கிறது, இன்னும் சூடு ஆறவில்லை. 46-ஐத் திறந்து வரிவரியாக ஒப்பிட்டேன். தாளில் ஒரே ஒரு வரி கூடுதல். பூங்கோதை, பத்து நாள் குழந்தை, கடைசி நிரை, கால்வாய் ஓரம். தகப்பன் பெயர் இருந்த இடத்தில் என் அப்பாவின் பெயர்.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்படித்தான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

அம்மா சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருடி ஒனக்குச் சொன்னா?"

"மாமா லிஸ்ட்ல இருக்குதும்மா."

"அவருக்கு எப்படித் தெரியும்? அவரு அப்ப அந்தத் தோட்டத்துக்கே வரலையே. ஒங்கப்பாதான் தூக்கிட்டுப் போயி பொதைச்சாரு. ஒனக்கு முன்னாடி பொறந்தவடி அவ."

பச்சைக் குழந்தையை எரிக்கமாட்டார்கள், கல்லும் வைக்கமாட்டார்கள். அந்த இடம் தெரிந்த அப்பாவும் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. 46-ஐக் கொடுத்தால் என் அக்கா மேல் லாரி ஓடும். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் மறுநாள் கையில் இருந்த தாளையே கொடுத்தேன்.

கடைசி நிரை, கால்வாய் ஓரம். சொன்ன இடத்தில் தோண்டினார்கள். எலும்பு ஒன்றும் மிஞ்சவில்லை. மண்ணுக்குள் நாலைந்து கருகமணிகள் கிடந்தன, குழந்தை கையில் கட்டுகிற மணிகள். அம்மா அதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு சத்தம் போட்டு அழுதாள். நானும் அழுதேன். புது இடத்தில் ஒரு பிடி மண்ணோடு மணிகளையும் வைத்து மூடினோம். தலைவர் பெயர்ப்பலகையைக் காட்டி, "பேரு சரிதானேக்கா?" என்று கேட்டார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

இல்லாத ஃபைல் எப்படித் திறந்தது என்று எத்தனையோ காரணம் சொல்லிப் பார்க்கலாம், நானும் சொல்லிப் பார்த்தேன். திரும்பி வரும்போது காரில் அம்மா சொன்னதற்குத்தான் இன்றுவரை எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

"பத்து நாளுதானே இருந்தா. பதினாறாம் நாளு பேரு வைக்கலாம்னு இருந்தோம். அந்தப் பேர மனசுக்குள்ளதான்மா வச்சிருந்தேன். ஒங்கப்பாகிட்டகூடச் சொன்னதில்ல."